வெட்டுக்கு மேலே மிச்சம்

நாள் 2114, காலை 09:20
பதிவு: டாக்டர் பத்மாசினி, இந்த விண்கலத்தின் ஒரே மருத்துவர். இதைக் கண்டெடுப்பவர் எவரோ, அவருக்கு.

கடைசி ஆளுக்கும் அறுவை முடிந்தது. மொத்தம் ஒன்பது ஆண்கள். விந்துக்குழாயை இரண்டு பக்கமும் வெட்டி, முனைகளைச் சுட்டு, முடிச்சுப் போட்டேன். ஆளுக்கு இருபது நிமிடம். என் கழுத்தில் கைத்துப்பாக்கியை அழுத்தியபடியே நின்றார்கள்.

கேப்டனைக் கொன்று தலைவனான இசக்கிராஜின் உத்தரவு இது. உறையவைத்திருந்த விந்து மாதிரிகளைப் போன வாரமே கொளுத்திவிட்டான். முப்பது வருடத்தில் காற்று தீர்ந்துவிடும், மூச்சுத் திணறிச் சாக ஒரு பிள்ளை பிறக்கக் கூடாது என்கிறான். முதல் வெட்டு அவனுக்குத்தான், அவனே கேட்டு வாங்கியது. ஒலிபெருக்கியில் முழங்கினான்: "இன்னையோட வித்து அத்துப்போச்சு மக்கா!" கைதட்டல் வேறு. முட்டாள்கள்.

நாள் 2114, மாலை 16:05
அவனிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். விந்தகத்தில் உருவாகும் விந்தணுவுக்கு நீந்தத் தெரியாது. விந்தகத்தின் முதுகில் சுருண்டு கிடக்கும் ஆறு மீட்டர் குழாய்க்குள் பத்துப் பன்னிரண்டு நாள் ஊர்ந்துதான் பழகுகிறது. பிறகு விந்துக்குழாய். அது மேலேறி, மூத்திரப்பையின் பின்னால் வளைந்து, விந்துப்பையின் வாயோடு சேர்ந்து, புராஸ்டேட் சுரப்பிக்குள் புகுந்து மூத்திரக்குழாயில் திறக்கிறது.

நான் வெட்டியது அடியில். ஏற்கெனவே மேலேறியவை அங்கேயே இருக்கும். அவை காலியாக மூன்று மாதம் பிடிக்கும். விந்தணு இல்லை என்று நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் எப்போதும் சான்று எழுதுவோம். இந்த முறை வாயைத் திறக்கவில்லை. ஒரு பிள்ளையாவது பிறக்கட்டுமே என்ற ஆசைதான்.

நாள் 2171, காலை 10:40
அருள்ஜோதிக்கு ஏழு வாரக் கர்ப்பம். இசக்கிராஜின் மனைவி. நானும் அவளும் கட்டிப்பிடித்து அழுதோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

நாள் 2173, பிற்பகல் 13:15
அவனுக்குத் தெரிந்துவிட்டது. தன் பிள்ளை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அவளோடு சமையலறையில் வேலை செய்யும் தோபியாஸை இரும்புக் கம்பியால் அடித்திருக்கிறான். என் மேசைக்கு வந்தபோது முகமே இல்லை. பத்து நிமிடத்தில் போய்விட்டார்.

ஒலிபெருக்கி: "அவன் இல்லன்னா வேற எவன்லே? மூணு மணிக்குள்ள சொல்லணும். இல்லன்னா கலத்துக் கதவைத் தொறந்து இவள வெளிய தள்ளிருவேன்."

நாள் 2173, 14:50
ஒலிவாங்கியில் சொல்லிவிட்டேன். "இசக்கி, அது ஒன் பிள்ளதான்பா. வெட்டுக்கு மேல மிச்சம் இருந்துச்சு. நான்தான் மறைச்சுட்டேன். அவளை விட்டுரு."

ஒலிபெருக்கியில் மூக்கை உறிஞ்சும் சத்தம். அழுகிறான் என்றே நினைத்தேன்.

"அப்ப மத்தவனுக்குள்ளயும் மிச்சம் இருக்குமா, டாக்டரம்மா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று சொல்லித் தொலைத்தேன், பாவி.

14:58
துப்பாக்கிச் சத்தம். ஆண்கள் தங்கும் பக்கம்.

15:06
ஏழு. எண்ணினேன். தோபியாஸைக் கழித்தால் இவனைத் தவிர ஏழு பேர்தான். ஐயோ.

15:11
கதவுக்கு வெளியே நிற்கிறான். அவளையும் இழுத்து வந்திருக்கிறான். அவள் அலறல் கேட்கிறது.

"எல்லாரும் முடிஞ்சாச்சு. இவ வயித்துல இருக்கறதக் கலைச்சிருங்க. அப்புறம் என்னையும் முடிச்சுக்குவேன். கதவைத் தொறங்க டாக்டரம்மா."

ஊசியில் மயக்க மருந்து, நாலு ஆளுக்கான அளவு. அவன் கழுத்து எட்டினால் போதும். திறக்கிறேன்.