நாலு விரற்கடை மேடு

ஜூன் 3
இரண்டு துறைகள் சேர்ந்து மழைநீரை என் வீட்டுக்குள் திருப்பிவிட்டிருக்கின்றன. கிழக்கிலிருந்து சாலைத்துறை ஒரு கால்வாய் கட்டியது. மேற்கே வடிகால் துறை ஒன்று கட்டியது. இரண்டும் என் வாசலில் சந்திக்கின்றன; மேற்குக் கால்வாயின் தரை நாலு விரற்கடை மேடு. கிழக்கிலிருந்து ஓடிவரும் தண்ணீர் அங்கே முட்டித் திரும்பி, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கூடத்துக்குள் வந்துவிடுகிறது. நாற்பது வருடம் துணி தைத்தவள் நான். இது, ஒரு கையை ஒருவரும் மறு கையை இன்னொருவரும் கலந்து பேசாமல் தைத்த சட்டை.

மகன் போனில்: "இன்னொரு தடவை தண்ணி உள்ள வந்துச்சுன்னா பெட்டியைக் கட்டிடும்மா. என்கூட வந்துடணும்."

அவன் வீடு ஒன்பதாவது மாடி. புறாவுக்குச் சரி. எனக்கு?

ஜூன் 9
சாலைத்துறை என்ஜினியர்: "எங்க மட்டம் கரெக்ட்டும்மா. வடிகால்காரங்களைக் கேளுங்க."

வடிகால் என்ஜினியர், கண்ணாடி போட்ட பெண்: "எங்களுதும் கரெக்ட்டுதாம்மா."

இருவரின் வரைபடத்தையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டிலும் தாள் என் வாசலோடு முடிகிறது. அதற்கப்பால் உலகமே இல்லை!

ஜூன் 15
இருவரையும் ஒரே நேரத்துக்கு வரவழைத்தேன் — ஒருவர் வருவதை மற்றவரிடம் சொல்லவில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஆளுக்கொரு முனையைக் கொடுத்தேன். இரண்டு தரைக்கும் உள்ள நாலு விரற்கடை வித்தியாசத்தை என் தையல் டேப்பை வைத்துக் காட்டினேன்.

"இப்போ யாரு சார் கரெக்ட்டு?"

அவர் மீசையைத் தடவினார். அந்தப் பெண் என் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு எங்க ரெண்டு பேர் மேலயும்தாம்மா. சரி பண்றோம். ஆனா உங்க முற்றம் முழுக்க சிமெண்டு. மாடித் தண்ணியும் இதுல இறங்கி வாசலுக்குத்தானே ஓடுது? தெருவுல எல்லா வீட்டுலயும் இதே கதை. அத்தனையும் குடிக்கக் கால்வாய்க்கு எத்தனை வயிறும்மா?"

"நீ உன் வேலையைப் பாரும்மா" என்றேன். வாயாடி.

தைக்க வந்த துணியில் சேறு படுகிறதென்று சிமெண்டு போட்டேன். அதில் என்ன தப்பு?

ஜூன் 16
முற்றத்தை அளந்தேன். சும்மாதான்.

ஜூன் 28
காலையிலிருந்து மழை. கால்வாய் நிரம்பியதும், முற்றத்துத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் கூடத்துக்குள் புகுந்தது. தெருத் தண்ணி இன்னும் படியேறவே இல்ல. இது என் வீட்டுத் தண்ணி. சனியன்!

மகன் வந்து நின்றான். "பெட்டி எங்கம்மா?"

கடப்பாறையைக் கையில் கொடுத்தேன்.

ஜூன் 30
செய்ய வேண்டியவை:

வடிகால் துறை — மேற்குக் கால்வாயை நாலு விரற்கடை இறக்குவது, தெருக்கோடிப் பாலம் வரைக்கும்.

சாலைத்துறை — இனி தெருவில் கை வைக்குமுன் வடிகால்காரர்களோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே தாளில், என் வாசல் நடுவில் வரும்படி வரைவது.

பக்கத்து வீட்டுக்காரர் — கார் ஏற்றுவதற்காகக் கால்வாய் வாயில் பூசிய சிமெண்டுச் சரிவை எடுப்பது. முறைத்தால் முறைக்கட்டும்.

மகன் — முற்றத்தின் மீதிப் பாதியைச் சனிக்கிழமை உடைத்து, மாடிக் குழாயை மண்ணில் இறக்குவது. பெட்டி கொண்டுவர வேண்டாம்.

நான் — நாற்காலி போட்டு மேற்பார்வை. கண்ணாடிக்காரி கேட்டால், முற்றத்தை உடைத்தது என் யோசனை.