ஹற்றனில் ஒரு கடல் அலுவலகம்

மார்ச் 3, திங்கள்
பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மா, "எங்கம்மா வேல?" என்றார். கடற்பாதுகாப்புச் சபை, ஹற்றன் கிளை என்றேன். "ஹற்றன்ல ஏதும்மா கடலு?" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நீர்த்தேக்கத்துப் படகுகளும் எங்கள் பொறுப்புதான் என்று டிக்கோயா வரும்வரை விளக்கினேன். "அப்ப நீ படகு ஓட்டுறியா?" இல்லை - ஓட்டுபவர்களுக்குச் சம்பளம், லீவு, சாமான் பார்க்கிற வேலை. அம்மாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

மார்ச் 6, வியாழன்
கொழும்பிலிருந்து மறுசீரமைப்பு அறிவித்தல். நிர்வாகம், சாமான் கொள்வனவு, வாகனம் எல்லாம் இனித் தலைமையகத்தில். பரிசோதகர்கள் மட்டும் இங்கே இருப்பார்களாம். எனக்கும் டிரைவர் யோகேஸ்வரன் அண்ணனுக்கும் கொழும்புக்கு மாற்றம்.

"நேரான ரோட்ல எனக்குத் தூக்கம் வந்துரும்மா" என்றார் அண்ணன். சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அழுகை. கலியாணமாகியும் கொழும்பு போர்டிங்கில் கிடந்து, போன வருசம்தானே பொகவந்தலாவை வீட்டுக்கு வந்தேன்! மறுபடியுமா? என் வீட்டுக்காரர் றிச்சர்ட் இங்கே படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு எங்கே வருவார்?

மார்ச் 7
றிச்சர்ட் சொன்னது: "போகணும்னா போ. ஆனா மேலிடத்துல ஒரு வார்த்த கேக்காம போகாத."

மார்ச் 12, புதன்
தலைமையகம் அனுப்பிய உயிர்காப்பு அங்கிகளைப் படகுத்துறைக்குக் கொண்டுபோனோம். தண்ணீரைத் தாண்டித் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்களுக்கானவை. அத்தனையும் ஆழ்கடல் மீனவர் அளவு! அவர்களில் ராக்காயி அக்கா போட்டுப் பார்த்தார். தொடைவரை தொங்கியது. "நான் விழுந்தா கீழ போயிருவேன், இது மட்டும் மெதக்கும்." துறையே சிரித்தது. பிறகு யாரும் போடாமலே படகில் ஏறினார்கள். படகு தூரம் போகப் போக எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனி எல்லாமே அங்கிருந்துதானே வரும்?

மார்ச் 13
பௌர்ணமி, போயா லீவு. மறுசீரமைப்புக்குப் பொறுப்பான நிலூகா மெடம் அடுத்த வாரம் வருகிறாராம். மெடத்திடம் என்ன பேசுவது என்று அடுப்படியில் சுவரோடு பேசிப் பழகினேன். சோறு அடிப்பிடித்தது.

மார்ச் 19, புதன்
நிலூகா மெடம் கிளையைப் பார்க்க வந்தார். அலுவலகத்தில் உட்காரவிடாமல் காலைப் படகுக்கே கூட்டிப்போனேன். மெடமும் என்னைப் போல சின்ன உருவம். அங்கியை நானே மாட்டிவிட்டேன். நடுத்தண்ணீரில் காற்றடித்தது, மெடம் சட்டென்று உட்கார்ந்தார் - அங்கி மேலேறி முகத்தையே மூடிவிட்டது! உள்ளே இருந்து "டிலுக்ஷி! டிலுக்ஷி!" என்று குரல் மட்டும். ராக்காயி அக்கா கீழே இழுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், "லொக்கு வெடி, நோனா" என்றார். ரொம்பப் பெரிசாம்! மெடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

கரைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. "விழுந்திருந்தால்?" என்று சிங்களத்தில் கேட்டார். அப்போதுதான் வாய் திறந்தேன். "சம்பளம், லீவு எல்லாம் கொழும்பில் இருக்கட்டும் மெடம். சாமான் வாங்குகிறவர் மட்டும் அதைப் போடுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும்."

"அது நீங்கள்தானா?"

"நானாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை."

ஏன்டி அப்படிச் சொன்ன? வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 2
மெடம் கோல் எடுத்தார். உள்நாட்டு நீர்நிலைகளுக்கான கொள்வனவு ஹற்றனில்தான். பொறுப்பு - நான்! நன்றி சொன்னேனா என்றே ஞாபகமில்லை. சம்பளம், லீவு, வாகனம் எல்லாம் கொழும்புக்குப் போகின்றன. அண்ணன் போகமாட்டாராம், படகு ஓட்டப் பழகுகிறார். "தண்ணியில வளைவே இல்லியேம்மா" என்று கவலை.

மே 21, புதன்
அளவெடுத்து வாங்கிய அங்கிகள் போன வாரம் வந்தன. இன்று அண்ணனின் படகில் நானும் போனேன். எல்லார் உடம்பிலும் சரியாக இருந்தது. இறங்கியதும் கழற்றித் தரச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. "குளிருக்கு நல்லா இருக்கு டிலுக்ஷி" என்று ராக்காயி அக்கா அதற்கு மேலேயே கூடையை மாட்டிக்கொண்டு மலையேறிவிட்டார். பின்னாலேயே மற்றவர்களும். பச்சைக்கு நடுவே ஆரஞ்சு ஆரஞ்சாகக் கொழுந்தெடுக்கிறார்கள். வேலையை மேற்பார்க்கிற கங்காணி என்னைப் பார்த்து முறைக்கிறார். சாயந்தரம் எப்படித் திரும்ப வாங்குவது? அதுவும் என் வேலைதான்.