பத்து மணி விமானமும் ஆறு மணி ரயிலும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அதே மாதிரி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சௌக்கியம் என்று எழுதிவிட்டேனே தவிர, எனக்குக் கொஞ்ச நாளாக வயிற்றெரிச்சல். சாப்பாட்டால் வந்ததில்லை, உன் மாமனாரால் வந்தது. இதைப் போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், அடுப்படியில் நிற்கிற மாப்பிள்ளை வரைக்கும் கேட்கிறது, அவரைப் பெற்றவரைப் பற்றி அவர் காதுபடவா நான் புலம்ப முடியும். அதனால்தான் காகிதம். உன் அம்மா வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விமானத்தை விட்டு இறங்கி இதை உன் கையில் தருவாள். நன்றாக ஒட்டித்தான் கொடுப்பேன், இருந்தாலும் நடுவழியில் பிரித்துப் படித்திருப்பாள். ஏண்டி, படித்தது படித்தாயிற்று, மடிப்பு மாறாமல் திரும்ப வை.

நான் ஏன் அவளோடு வரவில்லை என்று கேட்பாய். எல்லாம் என் வாய்தான். பேத்திக்குச் சனிக்கிழமை ஒரு வயது நிறைகிறதே, அதற்கு எல்லாரும் போக வேண்டும் என்று பேச்சு வந்தபோது உன் மாமனார் வீட்டுக்கு வந்திருந்தார். உன் மாமியார் போனதிலிருந்து தனி ஆள், நினைத்தால் கிளம்பிவிடுகிறார். சம்பந்தி, மூன்று டிக்கெட்டாகப் போட்டுவிடட்டுமா, உங்களுக்கு ஜன்னல் சீட் என்றார். ஜன்னல் சீட்டை எனக்கு இவர் தருகிறாராம்! முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் சுத்தியலால் சக்கரம் தட்டி விரிசல் பார்த்தவனுக்கு! நான் உடனே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, எங்களுக்கு ரயில்தான் சம்பந்தி, ரயிலில் போனால்தான் இந்த நாடு எவ்வளவு பெரிசு என்று தெரியும், மண் சிவப்பாகி, கறுப்பாகி, மணலாகிறதை உட்கார்ந்த இடத்திலேயே பார்க்கலாம், விமானத்தில் போகிறவன் கண்ணை மூடிக்கொண்டு சந்தைக்குப் போனவன் மாதிரி என்று பெரிய பிரசங்கம் செய்தேன். அவர் பாவம், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். டீ டம்ளரை எடுக்க வந்த உன் அம்மா, எனக்கு ஒன்று போட்டுவிடுங்கள் அண்ணா, இவரோடு போய் மண்ணைப் பார்த்தது போதும், நான் பேத்தியைப் பார்க்கணும் என்றாள். அன்றைக்கு என் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்.

இப்போது அவள் மூன்று நாளாகப் பெட்டி கட்டுகிறாள். சமையலறைத் தராசைத் தூக்கிவந்து துணியை நிறுத்துப் பார்க்கிறாள். மாடிக் குழாய் ஒழுகுகிறதைச் சரிபண்ண ஆள் வந்தால் அவனிடமும் விமானப் பேச்சு. நம் வீட்டுப் பல்லிக்கு மட்டும்தான் இன்னும் சொல்லவில்லை.

எனக்கு விமானத்தின் மேல் ஒரு கோபமும் இல்லையம்மா. மனசைத் திறந்து சொல்கிறேன், எனக்கு அது பறக்கிற வேகத்தின் மேல்தான் பொறாமை. பேத்தி குப்புற விழுந்தபோது பக்கத்தில் யார், உன் மாமனார். முதன்முதலாகத் தானாக உட்கார்ந்தபோது யார், அவரே. முதல் பல் முளைத்தது, அது கடித்ததும் அவர் விரலைத்தான். அந்த விரலை இங்கே கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டி, பாருங்க சம்பந்தி, தழும்பு தெரியுதா என்கிறார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்தாலும் சொல்வேனா? நான் ரயில் பிடித்து இரண்டு ராத்திரி ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் அவர் பார்க்க வேண்டியதைப் பார்த்து, வீடியோ எடுத்து, வீடு திரும்பிக் குளித்தும் முடித்திருப்பார். பேத்திக்கு அவர் தாத்தா, நான் செல்போன். போன வாரம் நான் பேசப் பேச அவள் போனைத் திருப்பித் திருப்பிப் பின்பக்கம் என்னைத் தேடினாளே, நீங்கள் எல்லாரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன்.

அன்றைக்குத்தான் நீ சொன்னாய், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஒரு கையை விட்டுவிட்டாள், இந்த வாரமோ அடுத்த வாரமோ நடந்துவிடுவாள் என்று. இந்த ஒன்றையாவது நான் முதலில் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. உன் அம்மாவிடம் சீக்கிரமே ரயில் ஏறப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஜெராக்ஸ் கடைப் பெண்ணிடம் சொல்லி ஞாயிற்றுக்கிழமை மத்தியான விமானத்துக்கு டிக்கெட் போட்டுக்கொண்டேன். ஆமாம், நானேதான். பிரசங்கம் செய்த அதே ஆள். உன் மாமனாரை நாலு நாள் முந்திக்கொண்டு உன் கதவைத் தட்டிவிடலாம் என்று கணக்கு.

கையில் ஒரே பை. அதில் இரண்டு சட்டை, ஒரு துண்டு, பேத்தியின் பிறந்தநாளுக்கு என் சுத்தியல். ரிட்டயர் ஆனபோது கையோடு கொண்டுவந்தேனே, சக்கரம் தட்டுகிற சுத்தியல், அதன் நீளக் காம்பை அறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, குழந்தை கைக்கு உறுத்தாமல் செய்திருந்தேன். உன் மாமனார் பேட்டரி போட்ட பொம்மை விமானம் வாங்கியிருக்கிறார், அதற்கு நான் ஒன்று கொடுக்க வேண்டாமா. ஒரு வயதுக் குழந்தைக்கு யாராவது இரும்புச் சுத்தியல் கொடுப்பார்களா என்று நீ கேட்பாய். அந்த யோசனை எனக்கு விமான நிலையத்தில்தான் வந்தது, அதுவும் தானாக வரவில்லை. பையை எக்ஸ்ரே பெட்டிக்குள் விட்டுப் பார்த்த அதிகாரி, பெரியவரே, விமானத்தில் எதற்குச் சுத்தியல் என்று கேட்டார். நான் பாட்டுக்கு, சக்கரம் தட்டிப் பார்க்கத்தான் என்றேன். சத்தியமாகக் கிண்டல் இல்லையம்மா. முப்பத்திரண்டு வருஷம் எவன் கேட்டாலும் சொன்ன பதில், நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. அவர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டார். அவர்களை வழிக்குக் கொண்டுவரலாம் என்று, நல்ல சக்கரம் மணி மாதிரி கணீரென்று பேசும், விரிசல் விட்டது செத்த சத்தம் போடும் என்று விளக்கினேன். உங்கள் விமானத்தையும் ஒரு தட்டு தட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டதுதான் பெரிய தப்பு. ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். மரியாதையாகத்தான், தண்ணீர்கூடக் கொடுத்தார்கள். விசாரித்து முடித்து, போங்க பெரியவரே என்று சுத்தியலைத் திருப்பித் தந்தபோது என் விமானம் கண்ணாடிக்கு வெளியே ஓடி மேலே எழும்பிக்கொண்டிருந்தது. ரயிலாக இருந்தால் ஓடிப்போய்க் கடைசிப் பெட்டியில் தொற்றியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தேன். விமானக்காரர்கள் பைப் பிடியில் கட்டிவிட்ட சீட்டைக் கழற்ற மறந்துவிட்டேன். உன் அம்மா அதை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள், என்ன, விமானத்துக்கு சிக்னல் விழவில்லையா என்று கேட்டாள். அப்புறம் சோறு போட்டாள். வியாழக்கிழமை விமானத்தில் இடம் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாமல் கேட்டுப் பார்த்தேன், நிரம்பிவிட்டதாம். ஆக மறுபடி ரயில்தான். இன்று செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏறுகிறேன், வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு இறங்குவேன். நீ இதைப் படிக்கிற நேரத்தில் நான் ஏதோ ஒரு சிக்னலில் நின்றுகொண்டு, எங்களுக்கு முன்னால் எந்த வண்டியை விட்டிருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் மாமனார் பத்து மணிக்கு வருகிறார், நான் ஆறு மணிக்கு. நடுவில் எட்டு மணி நேரம். அந்த எட்டு மணி நேரமும் பேத்தியைத் தரையில் விடாதே, இடுப்பிலேயே வைத்திரு, இல்லாவிட்டால் தூங்க வை என்று எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். எழுதியும் விட்டேன் பார். எழுதின பிறகு அதை ஒரு தரம் படித்துப் பார்த்தேன். ஓடத் தயாராக நிற்கிற சக்கரத்துக்கு முன்னால் கட்டை போடுகிற வேலையை என் ஜென்மத்தில் காரணமில்லாமல் செய்ததில்லை, பேத்திக்கா செய்வேன். மேலே எழுதினதை அடித்துவிட்டதாக நினைத்துக்கொள். அவளைத் தரையில் விடு. மேஜை முனைகளில் மட்டும் துணி சுற்றி வை, பால்கனிக் கதவைத் தாழ்ப்பாள் போடு. நடக்கிற நேரத்தில் நடக்கட்டும், உன் மாமனார் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கட்டும். நல்ல மனுஷர்தான். ஜன்னல் சீட்டை உன் அம்மாவுக்குக் கொடுத்திருப்பார்.

ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளை வந்தால் போதும், பின்னாலிருந்து மூன்றாவது பெட்டி. உன் மாமனாரை அனுப்பாதே, நடைமேடையிலேயே வீடியோவைக் காட்டிவிடுவார். நீயும் வேளைக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், அப்பாவுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

மறந்துவிடாதே, ஒரே ஒரு காரியம் செய். ஒருவேளை அவள் நடந்துவிட்டால் யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம், எல்லாரையும் வாயைக் கட்டிக்கொள்ளச் சொல். நான் கைகால் கழுவிவிட்டு வந்து கூடத்துத் தரையில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ அவளை எதிர்ச் சுவரோரம் நிறுத்திவிட்டு, அப்பா, இவள் இன்னும் நடக்க ஆரம்பிக்கவில்லை என்று சொல். நான் நம்பிவிடுவேன்.

இப்படிக்கு,
ரயிலேறப் போகும் உன் அப்பா