மூன்று பேர் உறுதி செய்த பாதை

மார்ச் 3, ஞாயிறு

பதினான்கு பேர். நின்று எண்ணினேன். ஊற்றைச் சுற்றி பதினான்கு பேர், நான்கு கூடாரம், ஒரு பாட்டுப் பெட்டி. ஒருவன் ஊற்றிலேயே பல் தேய்த்துத் துப்பிக்கொண்டிருந்தான். பதினொரு வருடமாக இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு இந்த மலைக்கு வருகிறேன். இதுவரை ஊற்றடியில் நான் பார்த்த மனிதர்களைக் கை விரல்களில் எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு பேரை நானே கூட்டிக்கொண்டு வந்தேன்.

இந்த இடம் எப்படித் தெரியும் என்று பல் தேய்த்தவனிடம் கேட்டேன். வாயைக் கொப்பளித்துவிட்டு ஃபோனை நீட்டினான்.

"ஆப்ல இருக்குங்க. யாருக்கும் தெரியாத அமைதியான ஊத்துன்னு போட்டிருக்கு."

கீழே ஒரு படம். படத்தின் ஓரத்தில் ஒரு தோள்பட்டை, நீலச் சட்டை. என் தோள்பட்டை. என் சட்டை. டிசம்பரில் தங்கை புருஷன் எடுத்தது.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டது நான்தான். யாரைத் திட்ட?

மார்ச் 4

இன்று இரண்டு வில்லைகளை உடைத்தேன். இருபது வருடமாகக் கண்ணாடிக் கடையின் பின்அறையில் உட்கார்ந்து வில்லைகளை ஃப்ரேமுக்குத் தகுந்தபடி தேய்க்கிறேன். வருடத்துக்கு இரண்டு உடைந்தாலே அதிகம். முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு கதவைச் சாத்திக்கொண்டு போனார். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

மார்ச் 9, சனி

தங்கை வீட்டுக்குப் போனேன், சண்டை போடத்தான். போனவளை உட்கார வைத்து அவன் தன் புது வீடியோவைப் போட்டுக் காட்டினான். ‘ஊர் சுற்றுபவர்களுக்கு உதவும் பன்னிரண்டு செயலிகள்.’ கூடாரம் போட இடம் காட்ட ஒன்று. வழியில் கழிப்பறை எங்கே என்று சொல்ல ஒன்று. எந்த நட்சத்திரம் எது என்று சொல்ல ஒன்று. பறவை கத்தினால் அதன் பெயர் சொல்ல ஒன்று. ஆபத்து வந்தால் வேண்டியவர்களுக்கு நாம் இருக்கும் இடத்தை அனுப்ப ஒன்று. மணிக்கு ஒரு தரம் ‘தண்ணீர் குடியுங்கள்’ என்று ஞாபகப்படுத்த ஒன்று. அப்புறம் தாகம் என்று ஒன்று எதற்காக இருக்கிறதாம்?

இனி இந்த நோட்டில் அவனுக்குச் செயலியார் என்று பெயர்.

"மாப்பிள்ளை, அந்த ஊத்தை எடுத்துடுங்க" என்றேன்.

"நான் எடுத்தாலும் போகாது அக்கா. ஒரு இடத்தை ஒருத்தர் போட்டா போட்டதுதான். மாத்தணும்னா மூணு பேர் நேர்ல அந்த இடத்துல நின்னு, இது இப்படி இல்லைன்னு சொல்லணும். அப்பதான் ஆப் ஒத்துக்கும். பொய் எதுவும் நுழைய முடியாது, அதுதான் அதுல அழகு."

முகத்தில் அவ்வளவு பெருமை. என்னவோ அவனே பெற்று வளர்த்தது மாதிரி.

தங்கை நடுவில் வந்து, "நல்ல இடத்தை நாலு பேர் பாத்தா என்னக்கா குறைஞ்சு போகும்?" என்றாள். கிளம்பிவிட்டேன். அவளுக்கு அவன் சொல்வதெல்லாம் சரி. இல்லை, அதுவும் பொய். அவளுக்கு நான் சொல்வதும் சரிதான். சின்ன வயதிலிருந்தே அப்படி.

மார்ச் 11

மூன்று பேர்.

மார்ச் 17, ஞாயிறு

விடிந்ததும் முதல் பஸ். பையில் மூன்று கருவிகள்: என் ஃபோன், ஓரம் உடைந்த என் பழைய ஃபோன், கடையில் வாடிக்கையாளரின் பவர் குறித்து வைக்கும் டேப்லெட். முதலாளியிடம் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாருக்கு என்ன பவர்.

மூன்றுக்கும் மூன்று ஆட்களைப் பிறப்பித்திருக்கிறேன். முதல் ஆள் ‘நடையன்’, அதிகம் பேசமாட்டான். இரண்டாவது ‘இயற்கை நேசன்’, சும்மா சும்மா உருகுகிறவன். மூன்றாவது ‘இரு குழந்தைகளின் தாய்’, எல்லோரையும் எச்சரிக்கிறவள். ஊற்றடியில் உட்கார்ந்து ஒவ்வொருவராக எழுதினேன். நடையன்: ‘வற்றிவிட்டது.’ நேசன்: ‘வறண்ட பாறையைக் கண்டு மனம் உடைந்தேன்.’ தாய்: ‘குழந்தைகளோடு வராதீர்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.’ அவளுக்காக எழுதிக்கொண்டே பாட்டிலில் தண்ணீர் பிடித்தேன். பல் கூசும் அளவுக்குக் குளிர்ச்சி.

திரும்பும்போது இன்னொரு வேலையும் செய்தேன். ஊற்றுக்கு ஏறிவர இருக்கும் ஒரே நல்ல வழியான முகட்டுப் பாதையின் பெரிய வளைவில் என்றைக்கோ சரிந்த மண்மேடு ஒன்று ஓரமாகக் கிடக்கிறது. கேமராவைத் தரையோடு வைத்து எடுத்தால் மலையே விழுந்த மாதிரி தெரிகிறது. ‘பாதை சரிந்து மூடிவிட்டது.’ மூன்று முறை. மேலே சிக்னல் கிடையாது. ஆனாலும் நின்ற இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, கீழே வந்ததும் தானாக அனுப்பிவிடுகிறது. கெட்டிக்காரச் செயலி.

பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இடம் பார்த்து உட்கார்ந்தார்.

மார்ச் 20

ஊற்றின் மேல் சிவப்புக் குறி. முகட்டுப் பாதையின் மேல் சிவப்புக் கோடு. ‘மூன்று பயணிகள் உறுதி செய்துள்ளனர்.’

மார்ச் 31, ஞாயிறு

இரண்டே பேர்.

ஏப்ரல் 14, ஞாயிறு

யாருமில்லை. காலை முழுக்கப் பாறையில் படுத்திருந்தேன். தண்ணீர் விழும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. யாரோ விட்டுப்போன குப்பையை இரண்டு பை நிறைய அள்ளினேன், சாபம் கொடுத்துக்கொண்டே.

இறங்கி வந்து அடிவாரத்தை நெருங்கும்போது கணவன் மனைவி போல இருவர், முழங்கால் வரை நனைந்து, ஓடைப் பக்கமிருந்து வந்தார்கள். பெண்ணின் முழங்கையில் சிராய்ப்பு.

"ஏன் ஓடைக்குள்ள போனீங்க?"

"ஃபோன் அந்தப் பக்கம்தாங்க காட்டுச்சு. மேல் பாதை மூடியிருக்காமே. பாதியில திரும்பிட்டோம்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு பாதையை மூடினால் செயலி சும்மா இருக்காது, தானாக அடுத்த பாதையில் ஆளை அனுப்பும். ஓடைப் பாதை என்பது பாதையே இல்லை, வழுக்குப் பாறை. மேலே மழை பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும்.

நல்லது. படட்டும். இரண்டு தரம் விழுந்து எழுந்தால் இந்தப் பக்கமே வரமாட்டார்கள்.

ஏப்ரல் 26, வெள்ளி

மத்தியானம் தங்கை கடைக்கே ஃபோன் செய்தாள். கையில் ஈரத்தோடு எடுத்தேன்.

"அக்கா, இவர் ஞாயித்துக்கிழமை ஊத்துக்குப் போய்ப் பாக்கணும்ங்கறார். அக்கா பதினோரு வருஷமாப் பாத்த ஊத்து, வத்தாதுங்கறார். தப்பா இருந்தா திருத்தணுமாம். அந்த மேல் பாதை நெஜமாவே சரிஞ்சு போச்சா?"

அவன் திருத்தப் போகிறானாம். பெரிய கணக்கு வாத்தியார்.

"ஆமா. சரிஞ்சு போச்சு" என்றேன்.

"நீ பாத்தியா?"

"என் கண்ணால பாத்தேன். ஊத்தும் வத்திப் போச்சு. அங்க ஒண்ணுமில்ல, போகாதீங்க."

"சரிக்கா" என்றாள்.

அவ்வளவுதான். போகமாட்டார்கள்.

ஏப்ரல் 28, ஞாயிறு

எழுத முடியுமா தெரியவில்லை. எழுதுகிறேன்.

வற்றிவிட்டது என்று சொன்ன ஊற்றுக்கு எப்படிப் போவது என்று இந்த ஞாயிறு வீட்டிலேயே இருந்தேன். காலை பதினொன்றரைக்கு ஃபோனில் ஒரு சத்தம். செயலியாரின் ஆபத்துச் செயலி. வேண்டியவர்கள் பட்டியலில் என் பெயரையும் போட்டு வைத்திருக்கிறான். ஒரு வரைபடம், அதில் ஒரு புள்ளி. ஓடைக்கு நடுவில் புள்ளி; அங்கே மட்டும் சிக்னல் வந்து போகும். கீழே, ‘இவளுக்குக் கால் பாறையில் மாட்டிவிட்டது. தண்ணீர் ஏறுகிறது.’

போகாதேன்னு சொன்னேனே. சொன்னேனே நான். ஏன்டி போன?

எப்படி அடிவாரத்துக்குப் போனேன் என்று நினைவில்லை. வாடகைக் கார். அதே தகவல் மீட்புக் குழுவுக்கும் போயிருந்தது. அவர்கள் ஜீப் நின்றது. குழுத் தலைவி ஒரு பெண், என்னைவிட இளையவள். பானெட் மேல் வரைபடத்தை வைத்துக்கொண்டு பேசினாள். மேல் பாதை மூடியிருக்கிறது; ஓடை வழியாக இப்போது ஏற முடியாது; மலையைச் சுற்றி மறுபக்கச் சாலையில் போய் இறங்கவேண்டும்; நான்கு மணி நேரம்.

நான்கு மணி நேரம்.

"மேல் பாதை திறந்துதான் இருக்கு" என்றேன். "பெரிய வளைவுல இருந்து நேரா ஓடைக்கு இறங்கிடலாம். ஒரு மணி நேரம் போதும்."

"இல்லம்மா, சரிஞ்சிருக்கு. மூணு பேர் உறுதி பண்ணியிருக்காங்க."

"அந்த மூணு பேரும் நான்தான்."

அவளுக்குப் புரியவில்லை. ஃபோனை எடுத்துக் காட்டினேன். நடையன். இயற்கை நேசன். இரு குழந்தைகளின் தாய். ஒவ்வொரு பெயராகச் சொன்னேன். அவளோடு நின்ற ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தலைவி கேட்டாள், "இப்ப சொல்றது உண்மைன்னு நான் எப்படி நம்புறது? அங்க போய்ப் பாதை இல்லேன்னா உங்க தங்கச்சிக்கு நேரம் கிடையாது."

"என் தங்கச்சிம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"முன்னாடி நடங்க" என்றாள்.

நடந்தேன். ஓடினேன். வளைவில் அந்த மண்மேட்டைத் தாண்டும்போது ஒருவன், "இதுவா?" என்றான். வளைவில் இருந்து கயிறு கட்டி இறங்கினார்கள். தங்கைக்கு இடுப்புக்கு மேல் தண்ணீர். செயலியார் பின்னாலிருந்து அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றான், உதடெல்லாம் நீலம். எவ்வளவு நேரமாக அப்படி நின்றானோ. பாறையைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தார்கள். அவள் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

உயிர் இருக்கிறது. கால் இரண்டு இடத்தில் முறிவு.

ஏப்ரல் 30

ஆஸ்பத்திரி வராந்தா. அவனுக்குத் தெரிந்துவிட்டது, குழுவில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் எதிரே உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்துவான் என்று காத்திருந்தேன், கத்தினால் நானும் கத்தலாமே. நீ மட்டும் அந்தப் படத்தைப் போடாமல் இருந்திருந்தால் என்று தொடங்க எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"காப்பி குடிக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனான்.

பாவி. இதை என்னால் தாங்கவே முடியவில்லை.

மே 5, ஞாயிறு

தங்கை உட்கார்ந்து பேசுகிறாள். காலில் கம்பிகள். அவன் மருந்து வாங்கப் போயிருந்தான். நானே தொடங்கினேன். கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன், பல் தேய்த்தவனைப் பற்றி, பாட்டுப் பெட்டியைப் பற்றி. எல்லாம் உன் புருஷன் ஆரம்பித்தது என்றேன். சொல்லும்போதே கேட்கக் கேவலமாக இருந்தது. நிறுத்த முடியவில்லை.

"அவரை விடு" என்றாள். "ஃபோன்ல மூணு பேர் சொல்லியிருந்தாங்க. அவர் நம்பல, நேர்ல பாத்தே ஆகணும்னார். மேல் பாதையிலேயே போய்ப் பாக்கலாம்னுதான் சொன்னார். நான்தான் வேணாம்னேன். அக்கா கண்ணால பாத்திருக்கா, அங்க போனா ஆபத்துன்னு ஓடைப் பக்கம் இழுத்துட்டுப் போனேன்."

கம்பி போட்ட காலைக் கையால் மெல்ல நகர்த்தி வைத்தாள்.

"ஆப் சொன்னதால போகலக்கா. உன்னைக் கேட்டேன். நீ சொன்ன."

மே 7

அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். செயலியில் எழுதியபோது குறுகுறுப்பு இருந்தது. அவளிடம் சொன்னபோது அதுகூட இல்லை. ‘என் கண்ணால பாத்தேன்.’ எவ்வளவு சுலபமாக வந்தது.

மே 10

மூன்று கணக்குகளையும் முடக்கிவிட்டார்கள். முதலாளிக்கு டேப்லெட் விஷயம் தெரிந்துவிட்டது. ‘கடைப் பொருளை வீட்டுக்குக் கொண்டு போகக்கூடாது’ என்று சுவரில் ஒரு தாள் ஒட்டினார். வேலை செய்கிறவள் நான் ஒருத்திதான். யாருக்கு அந்தத் தாள்?

மே 19, ஞாயிறு

செயலியார் நண்பர்கள் இருவரோடு மேலே போய் வந்தான். செயலியில் பாதையையும் ஊற்றையும் சரி செய்தாயிற்று. ஓடைப் பாதைக்கு எச்சரிக்கைக் குறி போட்டிருக்கிறான், மழைக்காலத்தில் நுழையாதீர்கள் என்று. அந்தக் குறியைத் தவிர அந்தச் செயலியில் வேறு எதுவும் எனக்குப் பிடிக்கவில்லை, இன்றைக்கும்.

ஊற்றில் இருபத்திரண்டு பேராம். அவனாகச் சொல்லவில்லை, நான்தான் கேட்டேன். வயிறு எரிந்தது. எரியத்தான் செய்கிறது, என்ன செய்ய.

மே 26, ஞாயிறு

போகவில்லை.

ஜூன் 12, புதன்

இன்று தங்கைக்குக் கால் பார்க்கும் நாள். ஆஸ்பத்திரி எங்கள் கடைக்கு எதிர்ச் சந்தில் இருக்கிறது; அவர்கள் வீடு ஊரின் அந்தக் கோடியில். மூன்று மணிக்கு வானம் இருண்டு கொட்ட ஆரம்பித்தது. சந்து முழுக்கத் தண்ணீர். ஊன்றுகோலோடு வருகிறவள் வழுக்கி விழுந்தால் என்ன ஆவது என்று வாசலுக்கு ஓடிவந்து ஃபோன் செய்தேன்.

"இங்க மழை கொட்டுதுடி. ஒரு மணி நேரம் கழிச்சுக் கிளம்பு. இல்லேன்னா வண்டியை வாசல் வரைக்கும் விடச் சொல்லு."

"சரிக்கா" என்றாள். பழைய மாதிரியே, அன்பாகத்தான்.

ஃபோனை வைக்க மறந்துவிட்டாள் போல. அவள் அந்தப் பக்கம் திரும்பிப் பேசுவது கேட்டது.

"ஏங்க, ஆஸ்பத்திரிப் பக்கம் மழை பெய்யுதான்னு உங்க ஃபோன்ல கொஞ்சம் பாருங்க."

நான் வாசலில் நின்று நனைந்துகொண்டிருந்தேன்.