தண்ணீரில் நின்ற குடமிளகாய்

சீனியக்கா,

பேர்தான் சீனி, வாயைத் திறந்தால் மிளகாய் என்று தெருவே உன்னைச் சொல்லும். நீயும் கேட்டுச் சிரிப்பாய். சொன்னவள் வீட்டுக்கே மறுநாள் ஒரு முறம் மிளகாய் கொடுத்தனுப்புவாய். அந்த மிளகாயைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அது சாகவில்லை அக்கா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

உன் மகன் செந்தில்தான் எழுதச் சொன்னான். உன் தலைத்திவசத்துக்கு வருகிறவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்கப் போகிறானாம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்னத்தை எழுதுவது என்றேன். "அம்மாகிட்ட பேசுற மாதிரியே எழுதுங்க சித்தி" என்றான் போனில். உன்னோடு பேசுவதும் எனக்குப் பழக்கம்தான், பேசாமல் இருப்பதும் பழக்கம்தான். ஏழு வருஷம் பேசாமல் இருந்தோமே.

படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும். நீயும் நானும் அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். கொள்ளிடத்துப் படுகையில் கோயில் நிலம் கொஞ்சம் மாமனார் பேரில் குத்தகை. அவர் கண்ணை மூடியதும் நடுவில் ஒரு வரப்பைப் போட்டு, வடக்கே உங்களுக்கு, தெற்கே எங்களுக்கு என்று பிரித்துக்கொண்டோம். அந்த வரப்பில்தான் நமக்குள் சண்டை பிடித்தது. வருஷா வருஷம் நான் அதை வெட்டி உன் பக்கம் தள்ளுகிறேன் என்று நீ சொன்னாய். நான் கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்தேன். அதோடு பேச்சு நின்றது. உன் வீட்டுக்காரர் ஒரு கட்சி, என் வீட்டுக்காரர் ஒரு கட்சி. வாசலில் இரண்டு கொடி வேறு. இரண்டு கட்சியும் மாறி மாறி ஆண்டன. குத்தகைச் சீட்டு மட்டும் செத்துப்போன மாமனார் பேரிலேயே கிடந்தது. அதை மாற்றி எழுத வேண்டும் என்று நம் நாலு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெளியூர்க்காரர் ஒருவர் அந்த நிலத்தை ஏலத்தில் எடுத்துவிட்டார் என்பதே டிராக்டர் வந்து நின்ற பிறகுதான் நமக்குத் தெரிந்தது. உன் வீட்டுக்காரர் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர், உன் கொழுந்தன், யார் யாரையோ பார்க்க ஓடினார். நான் போய் வரப்பில் உட்கார்ந்தேன். உழுதால் என் மேல் உழு என்றேன். பின்னால் யாரோ வருகிற சத்தம். நீ. ஏழு வருஷத்துக்குப் பிறகு நீ என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"தள்ளி உக்காருடி. வரப்புல எனக்கும் எடம் வேணும்."

டிராக்டர் திரும்பிப் போயிற்று. வழக்கு தஞ்சாவூருக்குப் போயிற்று. தீர்ப்பு வரும் வரைக்கும் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது என்று முள்வேலி போட்டார்கள். நீ அன்றைக்கு வெளியே வரும்போது மடியில் எதையோ முடிந்துகொண்டு வந்தாய். வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன், நாலே நாலு குடமிளகாய்ப் பழம். குட்டையாக, குண்டாக, அடி தட்டையாக இருக்குமே, மோர்மிளகாய்க்கென்றே நாம் போடுகிற நம் படுகைக் கொல்லைச் சரக்கு. ஊரில் எல்லாரும் பொட்டலத்து விதைக்கு மாறி எத்தனையோ காலம் ஆயிற்று. அந்த விதை உன்னிடமும் என்னிடமும்தான் இருந்தது. நான் பேச்சை நிறுத்திய வருஷமே அதையும் விட்டுவிட்டேன். ஆக, உன் மடியில் இருந்ததுதான் எல்லாம்.

வேலி போட்டு இரண்டு வருஷம் ஆகியும் தீர்ப்பு வரவில்லை. மிளகாய் விதை அதற்கு மேல் தாங்காது என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதற்குள் உன் நெஞ்சுச் சளி நுரையீரலைத் தின்றுவிட்டது. படுத்த இடத்திலிருந்து நீ செந்திலிடம் கேட்டது ஒன்றுதான். மண் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே செடி வளர்க்கிறார்கள் என்று படம் அனுப்பினாயே, அதைக் கொண்டு வா, கட்டிலோரத்திலேயே குடமிளகாய் போட வேண்டும். வெளிநாட்டிலிருந்து அவன் வந்தான். வெள்ளைப் பெட்டி, மூடியில் ஆறு ஓட்டை, மேலே ஊதா விளக்கு, சத்துத் தண்ணீர் இரண்டு பாட்டில். கூடவே ஒரு விதைப் பொட்டலம். நீ அட்டைப் படத்தைப் பார்த்தாய். பச்சையும் மஞ்சளுமாக, கை நிறைய ஒரு காய்.

"இது குடைடா. நான் கேட்டது குடம்" என்றாய். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாய். அவனுக்குப் புரியவே நேரமாயிற்று. ஃபிரைடு ரைஸில் போடுகிற குடைமிளகாய் விதையைக் கடல் தாண்டிக் கொண்டு வந்திருக்கிறான் பிள்ளை.

நீ தலையணை உறைக்குள்ளிருந்து சாம்பலில் புரட்டி வைத்த முடிச்சை எடுத்தாய். சொத்தை போகப் பன்னிரண்டு விதை தேறியது. ஓட்டைக்கு இரண்டாக உன் விரலாலேயே வைத்தாய். ஓட்டைக்கு ஒன்றாக ஆறு முளைத்தன. முளைத்ததை நீ பார்த்தாய், அது எனக்குப் போதும். நாலிலை விடுவதற்குள் நீ போய்விட்டாய்.

இனிமேல் எழுதப் போவது செந்திலுக்குக்கூடத் தெரியாது.

அந்தப் பெட்டியில் ஒரு சின்ன மோட்டார் உண்டு. தண்ணீருக்குள் காற்றை ஊதும். குபுகுபு என்று சத்தம் வரும். உன் கட்டில் ஓரம் வைத்திருந்த ஆக்ஸிஜன் மெஷினிலும் ஒரு தண்ணீர்ப் பாட்டில் இருந்ததே, அதுவும் அதே சத்தம்தான். நீ இருந்த வரைக்கும் இரண்டும் சேர்ந்து கேட்கும். காரியம் முடிந்து மெஷினைத் திருப்பி எடுத்துப் போனார்கள். கட்டிலையும் கழற்றியாயிற்று. அந்த அறைக்குள் போனால் குபுகுபு. நீ இன்னும் மூச்சுக்குத் தவிக்கிறாய் என்று என் காது சொல்லும். என்னால் முடியவில்லை அக்கா. பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன்.

இரண்டாம் நாள் செடி வாடியது. வாடினால் நமக்கு என்ன தெரியும்? தண்ணீர் காணவில்லை என்றுதான் தெரியும். மூடியைத் தூக்கிப் பார்த்தால் வேரில் பாதி காற்றில் தொங்குகிறது. அடப்பாவமே என்று விளிம்பு வரைக்கும் ரொப்பினேன். நடவு வயலுக்குத் தண்ணீர் கட்டியே வளர்ந்த கை, வேறு என்ன செய்யும்? இன்னும் வாடியது. இன்னும் ஊற்றினேன். வேர் பழுப்பாகிக் கொழகொழத்து, அடைபட்ட வாய்க்கால் மாதிரி நாறியது. ஆறில் நாலு போயிற்று. உன் விரல் வைத்த நாலு.

உன் கொழுந்தன் அறை வாசலில் நின்று பார்த்தார். பெட்டிக்குள்ளே வெவசாயமா என்று அது வரைக்கும் கேலி செய்துகொண்டிருந்த மனுஷன். அன்றைக்குக் கேலி இல்லை.

"நெல்லு தண்ணியில நிக்கும். மொளகா நிக்குமாடி? கொல்லையில காயவிட்டு காயவிட்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமால்ல தண்ணி கட்டுவோம். அதுக்கு மூச்சு வேணும்" என்றார்.

அவருக்கு மோட்டார் விஷயம் தெரியாது. சும்மாதான் சொன்னார். ஆனால் மூச்சை நிறுத்தியவளே நான்தான். பாதித் தண்ணீரை வாரி வெளியே ஊற்றினேன். பிளக்கைச் சொருகினேன். குபுகுபு என்றது. எழுந்து ஓடக் கூடாது என்று அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மடித்தேன். உட்கார உட்காரக் காது பழகியது. மூன்றாம் நாள் அந்த இரண்டு செடியிலும் ஊசி ஊசியாக வெள்ளை வேர்.

அதற்கப்புறம் மின்சாரக்காரர்கள் மாதத்துக்கு ஒருநாள் பகல் முழுக்க நிறுத்துவார்களே, அது வந்தது. மோட்டார் நின்றால் மூச்சு நிற்கும். என்ன செய்தேன் தெரியுமா? சொம்பால் தண்ணீரை மோந்து, டீ ஆற்றுகிற மாதிரி உயரத் தூக்கி ஆற்றி ஆற்றிப் பெட்டிக்குள் ஊற்றினேன். நுரைத்துக்கொண்டு விழும். கால் மணிக்கு ஒரு தடவை, கரண்ட் வருகிற வரைக்கும். ஒரு இலை வாடவில்லை. யாரும் சொல்லித் தரவில்லை அக்கா, என் புத்தியில் வந்தது. வேளாண்மை ஆபீசிலிருந்து ஒரு அம்மா வந்து பார்த்துவிட்டு, இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார்கள். டீ ஆற்றப் படிக்கணுமா என்றேன். அவர்களும் சிரித்து, என்னை ஆற்றச் சொல்லி வீடியோ எடுத்துக்கொண்டு போனார்கள். அதை நான் நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். நீ இருந்தால் நாற்பது பேரிடம் சொல்லியிருப்பாய்.

பூத்தது. வீட்டுக்குள் காற்று ஏது, வண்டு ஏது? பூ கொட்டிக்கொண்டே இருந்தது. செந்தில் சொன்னபடி காலையில் ஒவ்வொரு பூவின் காம்பையும் விரலால் சுண்டிவிட்டேன். பிறகு கொட்டுவது நின்றது. ஊதா வெளிச்சம் ஜன்னலில் தெரிய, சீனி அறையில் கரகாட்டம் நடக்கிறது என்று தெருவில் பேச்சு. கேலி பேசியவளெல்லாம் காய் பிடித்ததும் வரிசையாக வந்து எட்டிப் பார்த்தாள். குட்டையாக, குண்டாக, அடி தட்டையாக. அச்சு அசல்.

பொய் சொல்லக் கூடாது. ஒரு பிடி காயை மோரில் போட்டுக் காய வைத்துப் பொரித்தேன். காரம் கொஞ்சம் மட்டுதான். படுகை மண்ணில் வருகிற அந்தச் சுரீர் இல்லை. இருந்தாலும் உன் கொழுந்தன் பழைய சோற்றுக்கு நாலு கடித்துவிட்டு எழுந்து போய்க் கண்ணைத் துடைத்தார். கேட்டதற்குக் காரம் என்றார். மீதியைப் பழுக்கவிட்டு விதை எடுத்தேன். உன்னை மாதிரியே சாம்பலில் புரட்டினேன். போன வருஷம் இரண்டு செடி. இன்றைக்கு முடிச்சு முடிச்சாக விதை, கொல்லைப்புறத்தில் நாற்பது நாற்று.

இப்போது பெரிய சேதி. தஞ்சாவூரிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. காலம் காலமாகக் கை வைத்து உழைத்தவர்கள் இவர்கள்தான், இவர்களே சாகுபடி செய்யட்டும் என்று எழுதியிருக்கிறது. சீட்டு இந்தத் தடவை செத்தவர் பேரில் இல்லை. செந்தில் பேரும் உன் கொழுந்தன் பேரும் சேர்ந்து இருக்கிறது. பெரிய கையெழுத்தாய்ப் போட்டேன் நானும், சாட்சிக்கு.

போன வாரம் வேலியைப் பிரித்து உள்ளே போனோம். ஆள் உயரத்துக்கு நாணல். நடுவே வெள்ளம் வேறு வந்து வண்டல் பூசிவிட்டுப் போயிருக்கிறது. எது வடக்கே, எது தெற்கே என்று தெரியவில்லை. உன் கொழுந்தன் ஆளைவிட்டு அளந்து வரப்பு போடலாமா என்றார். வேண்டாம் என்றேன்.

நீ சொன்னது நிஜம் அக்கா. வருஷத்துக்கு ஒரு மண்வெட்டி, நான்தான் வெட்டினேன். வரப்பில் பக்கத்தில் உட்கார்ந்த அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உனக்கு மூச்சு முட்டிய நாட்களில் கட்டில் ஓரம் இருந்தபோதாவது சொல்லியிருக்கலாம். நாலு பேர் படிக்கிற காகிதத்தில் இப்போது சொல்கிறேன்.

உன் திவசத்து இலையில் நம் மோர்மிளகாய் இருக்கும். மறுநாள் நாற்பது நாற்றையும் படுகையில் நடுவேன். ஒரே கொல்லையாக. பெட்டியையும் விடமாட்டேன். அதில் எப்போதும் இரண்டு செடி நிற்கும், மோட்டார் ஓடும். இனி ஒரு வேலி வந்தாலும் விதை நம் வீட்டில் இருக்கும்.

முதல் நாற்றை மட்டும் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்த இடத்திலேயே வைக்க வேண்டும் என்று ஆசை. நாணலுக்குள் அரை நாள் தேடினேன். நகர்த்தி நகர்த்தி எனக்கே குழம்பிப்போயிற்று. உனக்குத்தான் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும். நம்ம வரப்பு எங்கேக்கா இருந்துச்சு?

உன் ஓரகத்தி,
தனம்