மேல் லயத்துப் பீலி

2024 ஜனவரி 23

கெலிஓயாவில் ஏறி, கண்டியில் பஸ் மாறி, ஹுன்னஸ்கிரிய போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. தண்ணீரைப் போத்தலில் அடைக்கத்தானா முதுமாணிப் படிப்பு என்று உம்மா கேட்கிறார்.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்கு ஒரே பீலிதான். ஊற்றுத் தண்ணீர் அதில் வந்து விழுகிறது. குடிக்க, சமைக்க எல்லாம் அதுவே. அதற்கு மேலே தேயிலை மலை. உரம் போட்டால் மழையோடு கீழேதான் இறங்கும். மாதிரி எடுக்க லயத்துக் கிருஷாந்தி துணைக்கு வந்தாள். என் வயதுதான், பிள்ளைத்தாச்சி. வேண்டாமென்றாலும் போத்தல் பையை விடவில்லை. என் காலில் அட்டை ஏறியதற்குச் சவர்க்காரம் பூசிவிட்டுச் சிரித்தாள்.

பெப்ரவரி 6

பீலித் தண்ணீரில் நைட்ரேட் மிக அதிகம். திரும்பவும் பார்த்தேன், அதேதான். இந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் உடம்பு நீலம் பாரிக்கும். கிருஷாந்தியின் வயிறுதான் கண்முன் நிற்கிறது.

பெப்ரவரி 8

ஆய்வு மேற்பார்வையாளர் முத்துலிங்கம் சேரிடம் காட்டினேன். இன்னும் ஒரு பருவத்து மாதிரிகளையும் எடுத்துவிட்டுச் சொல்லலாம் என்றார். அதுவரை அவர்கள் குடித்துக்கொண்டே இருப்பார்களே, சேர் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஓம், அது சரிதான். அப்ப நீர் போய்ச் சொல்லும் ஷஹ்மா. தோட்டத்துக்கும் எழுத்தில குடும்."

பெப்ரவரி 14

சொல்லிவிட்டேன். லயத்தில் எல்லாரையும் கூட்டிச் சொன்னேன். மனேஜர் அறிக்கையை வாங்கி வைத்து, நன்றி சொல்லித் தேநீரும் தந்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கினேன்.

மார்ச் 2

பீலியைத் தோட்டத்தார் சிமெந்து வைத்து அடைத்திருக்கிறார்கள். மாற்றுக் குழாய்? இல்லை. மேலிடத்தில் கேட்டிருக்கிறாராம் மனேஜர். பெண்கள் பள்ளத்து ஓடைக்குப் போய்க் கேனில் சுமந்துகொண்டு ஏறுகிறார்கள். வழியெல்லாம் வழுக்கல்.

கிருஷாந்தியின் பக்கத்து அறை வேலாயி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெம்பஸ் மிஸ்தான் தண்ணியை நிப்பாட்டினாங்க என்று தோட்டத்தில் சொல்லி வைத்திருக்கிறார்களாம். நான் அதையா சொன்னேன்? குழாய் போடும்வரை பவுசர் வண்டியில் தண்ணீர் கொடுங்கள் என்றுதானே எழுதினேன்?

மார்ச் 19

ஒன்றும் எழுத வரவில்லை.

மார்ச் 21

எழுதத்தான் வேண்டும். கிருஷாந்தி மழையில் கேனோடு விழுந்துவிட்டாள். பிள்ளை தங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கூப்பிட்டேன். திரும்பவில்லை. அவள் கணவன் திலீபன் கண்டியில் புடவைக் கடையொன்றில் வேலை செய்கிறான். அவன்தான் என்னை வெளியே கூட்டி வந்தான். ஏசுவான் என்று நினைத்தேன். ஏசவில்லை.

"நீங்க சொன்னது பொய்யில்ல மிஸ். ஆனா பழைய தண்ணிய நிறுத்தினவங்க புதுத் தண்ணி குடுக்கலயே. நாங்க எதைக் குடிக்கிறது?"

ஏசியிருந்தாலாவது அழுதிருப்பேன்.

மார்ச் 22

சொல்லாமல் இருந்திருந்தால்? அந்தப் பிள்ளை பிறந்து, அந்தத் தண்ணீரையே குடித்து — யா அல்லாஹ், இந்தக் கணக்கை எப்பிடிப் போடுறது?

மே 7

மேல் லயத்துக்குக் குழாய் கேட்டுக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிறேன். இது தோட்டத்துக் காணி, எங்களுக்குப் பொறுப்பில்லை என்கிறது ஒன்று. தோட்டத்தைக் கேட்டால் மக்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அரசாங்கம் என்கிறார்கள். இன்று முத்துலிங்கம் சேரும் கூட வந்தார். மருந்துக் குளிசையை விழுங்கிவிட்டு, அழைக்கும்வரை கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

ஜூலை 16

ஆய்வேட்டில் இத்தனைக்கும் ஒரு வாக்கியம்தான் இடம். 'மூலம் மூடப்பட்டதால் மார்ச் முதல் அங்கே மாதிரி எடுக்கப்படவில்லை.' எழுதிவிட்டு அழித்தேன். பிறகு அதையே எழுதினேன்.

ஒக்டோபர் 29

மேல் லயத்துக்குக் குழாய் வந்துவிட்டது. வேறொரு மலை ஊற்றிலிருந்து. போன வாரமே பரிசோதித்தேன், சுத்தமான தண்ணீர். திறப்பு விழாவில் மாலை போட்டு, பேசி, படம் பிடித்து எல்லாரும் போனார்கள்.

கிருஷாந்தியின் அறை பூட்டியிருந்தது. இரண்டு பேரும் கொழும்புப் பக்கம் போய்விட்டார்களாம், எங்கே என்று தெரியாதாம். வேலாயிதான் சொன்னாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு குழாயடியில் நின்றாள்.

"இது நல்ல தண்ணிதானே மிஸ்?"

நல்ல தண்ணிதான் என்றேன். அவள் நகரவில்லை. கையில் பிடித்து நான் குடித்தேன். அதற்குப் பிறகுதான் குடத்தைக் குழாயின் கீழ் வைத்தாள்.