சுவரைப் பார்த்து உட்கார்ந்தவள்

நாள் 1, 08:00
வியாழனின் நிலவு யூரோப்பா, பனி ஆய்வுக்கூடம். எழுதுபவள் தென்னரசி, தனியாள். பனி மாதிரி எடுத்தாயிற்று. ஆக்சிஜன் இயந்திரம் லேசாக இருமுகிறது, மாலையில் பார்க்கிறேன்.

நாள் 2, 06:40
இயந்திரம் செத்துவிட்டது, மாற்றுப் பாகம் இல்லை. காற்று எட்டாம் நாளோடு தீரும். மீட்புக் கலம் பதினொன்றாம் நாள்தான் வரும்.

பக்கத்து நிலவான கானிமீட் தளத்திலிருந்து வானொலியில் டாக்டர் மரியசெல்வம்: "அசையாம உட்காருங்கம்மா. ஜென் தியானம்பாங்க. சுவரைப் பாத்து உட்கார்ந்து மூச்சை ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்ணணும். காத்து மிச்சமாகும்."

யாரிடம் சொல்கிறார்! ஐயர் இல்லாமல் கல்யாணம் செய்யும் சுயமரியாதைக் குடும்பம் எங்களுடையது. தியானம் என்றாலே அப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். எனக்கும்தான்.

நாள் 3, 14:10
உட்கார்ந்தேன். மூன்று எண்ணுவதற்குள் மனம் வாதாடத் தொடங்குகிறது. இது பக்தியா, பயிற்சியா? டாக்டருக்கு நீளமாக மறுப்பு அனுப்பினேன்.

பதில்: "கடவுளும் வேணாம், ஆன்மாவும் வேணாம். சும்மா உட்காருங்க. வாதாடுற மூச்சுல இன்னும் ஒரு நாள் உயிரோட இருக்கலாம்."

எரிச்சலாக வந்தது. அவர் சொல்வது சரி.

நாள் 5, 11:25
கை துறுதுறுக்கிறது. திருப்புளியை எடுத்துக்கொண்டு இயந்திரத்திடம் ஓடலாம் போலிருக்கிறது.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். எழுந்து போய்விட்டேன், என்றோ இறந்துபோன அம்மாவிடம். வெட்கமாக இருக்கிறது.

டாக்டர்: "காத்து கொறஞ்சா அப்படித்தான் கேக்கும். ஜென்லயும் சொல்லியிருக்காங்க, உட்காந்திருக்கும்போது என்னென்னமோ தோணும்னு. எது கூப்பிட்டாலும் எந்திரிக்காதீங்க."

ஆதாரம் இல்லாததை நம்பாதே என்றுதான் அப்பாவும் சொல்வார். முதல் முறையாக ஜென்னுக்கும் அப்பாவுக்கும் சண்டை இல்லை.

நாள் 8, 19:00
மின்சாரம் குறைவு. வானொலியை நிறுத்தினேன். பத்து வரை எண்ண முடிகிறது. அமைதி என்று சொல்ல மாட்டேன். பயத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நாள் 10, 09:50
கதவு தட்டும் சத்தம். கலம் நாளைதான் வரும்.

கதவோரத்து ஒலிபெருக்கி: "அக்கா, நான் யூசுப். மீட்புக் கலம். விரட்டி ஓட்டி ஒரு நாள் முன்னாடியே வந்துட்டோம். தாழ்ப்பாள் உள்ள இருக்கு. நாங்க அறுத்தா இருக்கிற காத்தும் போயிரும். தொறங்கக்கா!"

யூசுப் என்று யாரையும் எனக்குத் தெரியாது. ஏமாந்தது போதும். நான்கு. ஐந்து.

10:30
தட்டல் மெலிகிறது. "பதிலே இல்ல, அக்கா உயிரோட இல்ல போலிருக்கு" என்கிறது ஒலிபெருக்கி. எழத் துடிக்கும் உடம்பை அடக்கி வைத்திருக்கிறேன். ஜெயித்துவிட்டேன், அப்பா.

10:41
பின்னால் சன்னலில் ஏதோ வெளிச்சம். எதிரே சுவரில் என் நிழல் விழுகிறது.

பிரமை வெளிச்சத்தில் நிழல் விழுமா?

எழ வேண்டும். இரண்டு கால்களும் மரத்துவிட்டன. நிழல் நகர்கிறது, கலம் கிளம்புகிறது. யூசுப், போகாதே, நான் வரு